காடு பொதுச் சொத்து. ஓய்வு உழைப்பவன் உரிமை

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தின் கடலோரத்தில், சான் ஜுவான் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் பெரிய தீவு ஓர்காஸ். பரப்பு சுமார் 57 சதுர மைல். பெரும் பகுதி காடு. வானளாவிய ஊசியிலை மரங்கள், கடலோரப் பாறைகளில் சாய்ந்து நிற்கும் செம்பட்டை மரங்கள், மலை நடுவே நன்னீர் ஏரிகள். சுமார் 2,400 அடி உயரமுள்ள கான்ஸ்டிட்யூஷன் மலையின் உச்சியில் ஏறி நின்றால், ஒரு பக்கம் கடலும் தீவுகளும், மறுபக்கம் பனி மூடிய பேக்கர் மலையும் தெரியும். மலையும் ஏரிகளும் சேர்ந்த 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மோரன் மாநிலப் பூங்கா என்ற பெயரில் பொதுமக்களுக்குச் சொந்தமாக இருக்கிறது. கோடை வந்தால் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கப்பலேறி வருகிறார்கள். நடக்கிறார்கள், நீந்துகிறார்கள், கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

"அமெரிக்கத் தீவில் ஜனங்கள் உல்லாசமாகப் போய் வருவதைப் பற்றி மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன கவலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலும் சுலபமானதுதான். ஓர் உழைப்பாளி தன் குடும்பத்தோடு ஒரு காட்டைப் பார்க்க வேண்டுமானால் மூன்று வேண்டும். காடு தனியார் வேலிக்குள் இருக்கக் கூடாது. அங்கே போய்ச்சேர வழி வேண்டும். அதற்கு அவன் கையில் இருக்கிற காசு போதவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி போகாமல் ஒரு நாள் ஓய்வு வேண்டும். இந்த மூன்றும் ஓர்காஸ் தீவில் எப்படிக் கிடைத்தன, எங்கே இன்னும் கிடைக்கவில்லை என்று பார்த்தால், அது எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் பாடமாக இருக்கும்.

பெயர் ஒருவருக்கு, வியர்வை வேறொருவருடையது

முதலில் பெயர்களைக் கவனியுங்கள். ஓர்காஸ் என்பது மெக்ஸிகோவை ஆண்ட ஸ்பானிய ராஜப் பிரதிநிதி ஒருவரின் நீண்ட பெயரிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. மலையின் பெயரோ 1841ல் வந்த அமெரிக்கக் கடற்படைக் குழு சூட்டியது. அது ஒரு போர்க்கப்பலின் பெயர். பூங்காவின் பெயர் ஒரு கப்பல் கம்பெனி முதலாளியுடையது. இந்தக் கடலில் காலங்காலமாக மீன் பிடித்து வாழ்ந்த லம்மி, சாமிஷ் முதலிய ஆதிக்குடி மக்கள் 1855ல் பாயிண்ட் எலியட் உடன்படிக்கையின் மூலம் தங்கள் நிலங்களை இழந்தார்கள். தீவின் வரலாறு அங்கிருந்து தொடங்குவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே தொடங்கியது நிலப் பட்டாவின் வரலாறுதான்.

பட்டா வந்தபின் கோடரி வந்தது. தீவுகளில் சுண்ணாம்புக் காளவாய்கள் எழுந்தன. அவற்றுக்கு விறகாக எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. எஞ்சிய காட்டில் ஒரு பெரும் பகுதியை வாங்கியவர் ராபர்ட் மோரன். ஸியாட்டில் நகரின் மேயராக இருந்தவர். அங்கே கப்பல் கட்டும் தொழில் நடத்தியவர். அவரது தொழிற்சாலையில் கட்டப்பட்ட 'நெப்ராஸ்கா' போர்க்கப்பல் 1904ல் கடலில் இறங்கியது. அந்தக் காண்டிராக்டை அவர் பெறுவதற்காக ஸியாட்டில் நகரத்தாரே 1,00,000 டாலர் திரட்டித் தர முன்வந்தார்கள். உடல்நலம் கெட்டு, 1906ல் தொழிலை விற்றுவிட்டு, அவர் ஓர்காஸ் தீவில் மாளிகை கட்டிக் குடியேறினார். 1921ல் 2,700 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை மாநிலத்துக்குத் தானமாகக் கொடுத்தார்.

இந்தத் தானத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. மரத்தை வெட்டி விற்றுக் காசாக்கிய முதலாளிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். மோரன் காட்டைக் காடாகவே விட்டார். ஆனால் அந்தக் காட்டை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? கப்பல் தளத்தில் ஆணியடித்த கைகளிலிருந்தும், ஊரார் வாக்களித்த பணத்திலிருந்தும் வந்தது. தானத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 1919 ஜனவரியில், ஸியாட்டில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் 35,000 பேர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பிப்ரவரியில் அவர்களுக்கு ஆதரவாக நகரத்தின் மற்றத் தொழிலாளர்களும் வெளியேற, பொது வேலைநிறுத்தம் ஐந்து நாள் நீடித்தது. கூலி கேட்டவர்களின் பெயர் எந்த மலையிலும் இல்லை.

தானமாக வந்தது காடு. அதைப் பூங்காவாக்கியவர்கள் வேலையில்லாத வாலிபர்கள். பெரும் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போனபோது, 1933ல் ரூஸ்வெல்ட் சர்க்கார் வாலிபர் படை ஒன்றை அமைத்தது. மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்படும். முகாம்களை ராணுவ அதிகாரிகள் நடத்தினார்கள். நாளுக்கு ஒரு டாலர் என்ற இந்தக் கூலி மற்றவர்களின் கூலியையும் கீழே இழுக்கும் என்று தொழிற்சங்கத் தலைவர் வில்லியம் கிரீன் அப்போதே கண்டித்தார். கறுப்பு இன வாலிபர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கி வைத்தார்கள். இந்தக் குறைகளையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1942ல் கலைக்கப்படும் வரை சுமார் 30 லட்சம் பேர் அந்தப் படையில் உழைத்தார்கள். நாடெங்கும் அவர்கள் நட்ட மரங்களும் வெட்டிய பாதைகளும் இன்றும் நிற்கின்றன.

ஓர்காஸ் தீவிலும் அவர்களே மலைப் பாதைகளை வெட்டினார்கள். பாலங்களும், ஏரிக்கரையில் சமையல் கொட்டகைகளும் கட்டினார்கள். 1936ல் மலை உச்சியில் 52 அடி உயரக் கல் கோபுரத்தை எழுப்பினார்கள். கல் அந்தத் தீவிலேயே வெட்டியது. காக்கசஸ் மலைநாட்டின் பழைய காவல் கோபுரங்களைப் போல அதை வடிவமைத்தவர் எல்ஸ்வொர்த் ஸ்டோரி என்ற கட்டடக் கலைஞர். இன்று அதில் ஏறிப் படம் பிடிப்பவர்கள் காலடியில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் ஏதோ ஒரு வேலையற்ற வீட்டுப் பிள்ளை தோளில் ஏறி வந்த கல். வேலையில்லாதவனுக்கு வேலை கொடுத்தால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கப்பல் கம்பெனி பூட்டியதும், மக்கள் திறந்ததும்

காடு பொதுவில் இருந்தால் மட்டும் போதுமா? தீவுக்குப் பாலம் கிடையாது. அனகோர்ட்டஸ் துறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் கப்பலில் போகவேண்டும். 1940களில் இந்தக் கடல் வழிகளில் பெரும்பாலானவை ஒரே தனியார் கம்பெனியின் கையில் இருந்தன. 1947ல் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். உடனே கம்பெனி கட்டணத்தை 30 சதவீதம் உயர்த்த அனுமதி கேட்டது. மாநிலம் மறுத்தது. 1948ல் கம்பெனி கப்பல்களைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் துறைமுகங்களில் தவித்து நின்றார்கள்.

ஜனங்களின் ஆத்திரம் வீண்போகவில்லை. 1951 ஜூன் 1ந் தேதி முதல் மாநிலமே கப்பல் போக்குவரத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. பாலங்கள் கட்டும் வரை தற்காலிக ஏற்பாடு என்றார்கள். ஓர்காஸ் தீவுக்குப் பாலம் வரவேயில்லை; பொதுத்துறைக் கப்பல்கள் நிலைத்துவிட்டன. இன்று அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பயணக் கப்பல் போக்குவரத்து அதுதான். 2022 அக்டோபர் முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதில் கட்டணமே இல்லை. லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் கம்பெனி இப்படி ஒரு சலுகை கொடுக்குமா? அதே சமயம், பழைய கப்பல்களை மாற்றாமலும் மாலுமிகளைப் போதுமான அளவு வேலைக்கு எடுக்காமலும் விட்டதன் பலனாக, சமீப ஆண்டுகளில் பல பயணங்கள் ரத்தாகி ஜனங்கள் அவதிப்பட்டார்கள். பொதுத்துறையைப் பெற்றால் போதாது; அது பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பூங்காக்களுக்கும் இதே கதி நேர்ந்தது. 2008ல் வெடித்த பண நெருக்கடிக்குப் பின் மாநிலம் பூங்காக்களின் பொது நிதியை வெட்டியது. 2011 ஜூலை முதல் பூங்காவுக்குள் வரும் ஒவ்வொரு காருக்கும் நாளுக்கு 10 டாலர், அல்லது ஆண்டுக்கு 30 டாலர் சீட்டு என்று விதித்தது. 2025 அக்டோபரில் ஆண்டுச் சீட்டு 45 டாலராக ஏறியது. நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்குச் சீட்டு வேண்டாம். ஆண்டில் சில நாட்கள் எல்லோருக்கும் இலவசம். சில நூலகங்கள் புத்தகத்தைப் போலச் சீட்டையும் இரவல் தருகின்றன. நல்லதுதான். ஆனால் பணக்காரனுக்கு 10 டாலர் ஒரு பொருட்டல்ல. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவளுக்கு அது உழைப்பின் ஒரு பகுதி. வரிப்பணத்தில் நடக்கவேண்டியதை வாசலில் வசூலித்து நடத்தினால், யார் வெளியே நின்றுவிடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு முதலாளியின் தானத்துக்காகக் காத்திராமலே காட்டைப் பொதுவாக்க முடியும் என்பதையும் இதே தீவு காட்டியிருக்கிறது. 1990ல் சான் ஜுவான் ஜில்லா வாக்காளர்கள், நிலம் வாங்குகிறவர்கள் விலையில் 1 சதவீதம் வரி கட்டவேண்டும் என்றும், அந்தப் பணத்தில் பொது நிலம் வாங்கவேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். ஓர்காஸில் டர்ட்டில்பேக் என்ற மலையின் 1,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் விற்பனைக்கு வந்தபோது, இந்த வரிப்பணத்தோடு சுமார் 2,000 பேர் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். மலை மீட்கப்பட்டது. 2007 முதல் அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அந்த மலைக்கு எந்த முதலாளியின் பெயரும் இல்லை. ஆமை முதுகு என்றுதான் பெயர்!

விடுமுறை ஊரில் விடுமுறை யாருக்கு?

ஆனால் மலை இருந்தும், கப்பல் இருந்தும், நேரம் இல்லாதவனுக்கு என்ன பயன்? அமெரிக்காவில் 1938ன் தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற அளவைக் கொண்டுவந்தது. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் அங்கே இன்றுவரை இல்லை. முதலாளி மனம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1936லேயே ஒப்புக்கொண்ட உரிமை இது.

ஓர்காஸ் தீவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை வீடுகளை வாங்கக் குவிந்ததால் வீட்டு விலையும் வாடகையும் ஏறிவிட்டன. படுக்கை விரிக்கிறவர்களுக்கும், சமைக்கிறவர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும் குடியிருக்க இடம் கிடைப்பது கஷ்டம். 1989ல் தீவு மக்கள் ஒரு சமூக நில அறக்கட்டளையை அமைத்தார்கள். நிலம் பொதுவில் நிற்கும், வீடு குடியிருப்பவனுக்கு, விற்கும்போது கொள்ளை விலைக்கு விற்க முடியாது. 2022ல் விடுமுறை வாடகை வீடுகளின் எண்ணிக்கைக்கு ஜில்லா நிர்வாகம் உச்சவரம்பு விதித்தது.

2023 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. ஜில்லா ஊழியர்களின் சங்கம் கூலி உயர்வு கேட்டது. கேட்ட அளவு கொடுக்கப் பணம் இல்லை என்றது நிர்வாகம். பேச்சுவார்த்தையின் முடிவில், வாரச் சம்பளம் குறையாமல் வேலை நேரம் 40லிருந்து 32 மணியாகக் குறைந்தது. காலியாகக் கிடந்த வேலைகளுக்கு விண்ணப்பங்கள் பெருகின. நாலு நாள் வேலை செய்தால் வானம் இடிந்து விழும் என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் ஹோட்டல்களில் உழைப்பவர்களுக்கு இது கிடைக்கவில்லை. சங்கம் இருந்த இடத்தில் நேரம் கிடைத்தது. இல்லாத இடத்தில் கிடைக்கவில்லை. கணக்கு அவ்வளவுதான்.

காட்டு நிழலில் பிள்ளை குட்டிகளோடு ஒரு பகல் உட்கார்ந்து சோறு உண்பது செல்வந்தரின் ஆடம்பரம் அல்ல. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய நம் முன்னோர்கள் வெறும் தூக்கத்துக்காகப் போராடவில்லை. உயிர் வாழ்வதற்காக உழைக்கிறவன், வாழவும் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. ஓர்காஸ் மலைப் பாதை யாருடைய கையால் வெட்டப்பட்டதோ, அவர்களுடைய பேரப் பிள்ளைகள் அதில் தடையின்றி நடக்க வேண்டும். அதற்குக் காடு பொதுவில் இருக்க வேண்டும்; கப்பல் பொதுவில் இருக்க வேண்டும்; வாரத்தில் சில நாட்கள் உழைப்பவனுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் கேளாமல் வந்ததில்லை. காவலின்றி நிற்கப்போவதும் இல்லை.