மணலுக்கு முதலில் கொடி

பெரியப்பாவுக்கு எழுபது வயது நிறைந்ததற்குப் பரிசாக அறுபது மரக்கன்றுகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். போன ஆண்டு, பொங்கலுக்கு மறுநாள். பத்து காஜா பக்கம் அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் பழைய ஈயச் சுரங்க மணல் கிடக்கிறது. மழை பெய்தால் அந்த மணல் கரைந்து வந்து சாக்கடையை அடைக்கும். வெயில் அடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. "நான் இருக்கிறப்பவே அங்க ஒரு நிழலைப் பார்க்கணும்மா" என்று அவர் எப்போதோ சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது.

கன்று விற்றவர் "எந்த மண்ணிலும் வரும்" என்று சொன்னார். நம்பினேன். வானொலியில் இரண்டு நாள் பெருமையாகப் பேசியும் விட்டேன். மார்ச் மாதம் போய் எண்ணினால் நான்கு கன்றுகள்தான் உயிரோடு நின்றன. அதிலும் இரண்டு, பெரியம்மா பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நின்றவை!

என்ன தவறு செய்தோம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த மண் எப்படி உண்டானது என்றே எனக்குப் புரிந்தது. ஈயம் கனமானது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டால் ஈயம் அடியில் தங்கும், மணல் பக்கத்திலேயே விழும், மென்மையான களிச்சேறு தண்ணீரோடு தூரம் போய்ப் படியும். இப்படி நூறு ஆண்டுக்கு மேல் கிந்தா பள்ளத்தாக்கைச் சலித்தார்கள். தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் பழைய ஈயக் கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டியது. 1985இல் ஈய விலை சரிந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குட்டைகளும் மணல் மேடுகளும் நமக்கு மிஞ்சின.

சேறு படிந்த இடம் பரவாயில்லை. நீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும். பெரியப்பாவுக்கு வாய்த்தது மணல். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் மணல், மக்கிய இலை ஒரு பிடி கிடையாது. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் வேருக்குக் கீழே போய்விடும், போட்ட உரமும் கூடவே போகும். நண்பகலில் அங்கே வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்தச் சூட்டில், அதுவும் பிப்ரவரி வறட்சிக்குச் சற்று முன்னால், நிழலில் வளர்ந்த நர்சரிக் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டவள் நான்.

பெரியப்பா கோபப்படவில்லை. "எஸ்டேட்ல புதுசா மரம் நடுறப்ப என்னம்மா செய்வாங்க? முதல்ல விதை தூவுவாங்க" என்றார். அவர் இளவயதில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். பழைய மரங்களைச் சாய்த்ததும் நிரைகளுக்கு நடுவே கொடிப்பயறு விதைகளைக் கலந்து, ராக் பாஸ்பேட் தூளோடு பிசறித் தூவுவார்களாம். நம் குடும்பங்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் அந்த வேலையைச் செய்திருப்பார்கள். அந்தக் கலவையில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கலோபோ என்று தோட்டத்தில் சொல்லும் கலோபோகோனியம் முதலில் ஓடும். சில மாதங்களிலேயே தரையை மூடிவிடும், ஆனால் ஆயுள் குறைவு, வறட்சி வந்தால் காய்ந்துவிடும். அது காயும் இடத்தைச் சென்ட்ரோசீமா பிடித்துக்கொள்ளும். புவேரேரியா மெதுவாகத் தொடங்கி வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் ஈரம் கேட்கும். இதில் ஒன்றை மட்டும் விதைத்தால் அது தோற்கும் மாதத்தில் தரை மறுபடியும் வெறுமையாகி லாலான் புல் உள்ளே நுழைந்துவிடும். மணல் என்பதால் வறட்சி தாங்கும் ஸ்டைலோ விதையையும் கொஞ்சம் சேர்த்தோம்.

எல்லாமே பயறு வகை. வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஆனால் செத்த மணலில் அந்த நுண்ணுயிரே இருக்காது என்பதால், கொடி நன்றாக வளரும் தோட்டத்திலிருந்து இரண்டு சாக்கு மண் கொண்டுவந்து விதையோடு கலந்தார் பெரியப்பா. விதையின் தோல் கல் மாதிரி. கொதிக்காத, ஆனால் கை பொறுக்காத சூட்டு நீரில் ஊறவைத்த பிறகு தூவினோம். இந்த முறை அக்டோபர் மழைக்கு.

மரம் எது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. பெரியப்பா அக்காசியா மங்கியம் போடச் சொன்னார். மூன்று ஆண்டில் தலைக்கு மேல் நிழல், எந்தக் கேவலமான மண்ணிலும் வரும், அதுவும் நைட்ரஜன் தரும் மரம். எல்லாம் உண்மைதான். ஆனால் அது ஆஸ்திரேலியாப் பக்கத்திலிருந்து வந்த மரம், விதை பரவி அக்கம்பக்கத்தையெல்லாம் பிடிக்கும், நடுமரம் அழுகிக் காற்றில் கிளை முறியும். பேரப்பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு எனக்கு மனம் வரவில்லை. எழுபது வயதுக்காரரிடம் "காத்திருங்கள்" என்று சொல்வதும் எளிதாக இல்லை. கடைசியில் ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை நட ஒத்துக்கொண்டேன். மற்ற மரங்கள் எழுந்ததும் அவற்றை வெட்டிவிட வேண்டும்.

நம் காட்டு மரங்களையே விதையாகக் கலந்து தூவலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மெராந்தி, கப்பூர் வகை மரங்கள் ஆண்டுதோறும் ஒழுங்காகக் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். விழுந்த விதை காய்ந்தால் செத்துவிடும், பாக்கெட்டில் கட்டி வைக்க முடியாது. அதனால் கன்றாகத்தான் வாங்க வேண்டும். வெயிலையும் ஏழை மண்ணையும் ஓரளவு தாங்குவது மெராவான் சீப்புட் ஜந்தான். சாலையோரங்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

மனம் தளரும்போது கெப்போங்கை நினைத்துக்கொள்கிறேன். ஃபிரிம் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கும் இடமும் பழைய ஈய நிலமும் காய்கறித் தோட்டமும்தான். 1920களில் நடத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்கே கப்பூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டிருக்கும். முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்தேன். ஆனால் அதற்கு நூறு ஆண்டு ஆனது என்பதையும் பெரியப்பாவிடம் மறைக்க முடியவில்லை.

போன வாரம் பத்து காஜா போய் வந்தேன். கலோபோ பாதி பழுப்பாகிவிட்டது, அடியில் சென்ட்ரோசீமா பச்சையாக ஓடுகிறது. ஒரு கொடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தோம். உள்ளே இளஞ்சிவப்பு. அப்படியிருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அடுத்த அக்டோபரில் இருபது மெராவான், இருபது மட்டும். கொடி கழுத்தை நெரித்துவிடும் என்பதால் ஒவ்வொரு கன்றையும் சுற்றி வட்டமாக வெட்டிவிடும் பொறுப்பைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார்.

"இந்தத் தடவை ரேடியோவுல சொல்லாதம்மா" என்றார் கிளம்பும்போது. பத்திரிகையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.