கத்தி ஓய்ந்தபின் தொடங்கும் சிகிச்சை

பாடிச் சென்ற கபடி வீரன், எதிரணியினரின் பிடியிலிருந்து விடுபட ஒரு காலை ஊன்றி உடலைத் திருப்புகிற கணத்தில், முழங்காலுக்குள் ஏதோ அறுந்தாற்போன்ற ஓசை எழக் கீழே சாய்வதும், சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடுவதும் நம் ஊர்த் திடல்களில் புதிய காட்சியல்ல. ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஊரார் சொல்லும்போது, பெரும்பாலும் அறுந்திருப்பது மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று குறிப்பிடும் ஜவ்வு. தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைத்து, கீழெலும்பு முன்னோக்கி வழுகாமல் காப்பது அதுவே. வீக்கம் வடிந்ததும் குணமாயிற்றென்று நம்பி மறுபடி களமிறங்குகிற இளைஞன், நிலைகொள்ளாத மூட்டு மீண்டும் மீண்டும் பிசகி, உள்ளிருக்கும் குருத்தெலும்பும் சிதைந்த பின்னரே ஆஸ்பத்திரிக்கு வருகிறான்.

முற்றிலும் அறுந்த இந்த ஜவ்வைப் பெரும்பாலும் தைத்துச் சேர்ப்பதில்லை. நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ தசைநாணின் ஒரு பகுதியை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதைப் புதிய ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். ஜப்பானிய வைத்தியர் மசாகி வாதனபே போன்றோரின் அரும்பிரயாசையால் வளர்ந்த ஆர்த்ராஸ்கோப்பி முறையால், இவ்வளவும் சிறு துவாரங்களின் வழியே நடந்து, நோயாளி சில தினங்களில் வீடு திரும்புகிறார். இத்துடன் சிகிச்சை பூர்த்தியாயிற்று என்று குடும்பமும் கபடிக் குழுவும் கருதிவிடுவதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன்.

பிடுங்கி நட்ட நாற்று வேர்பிடிக்குமுன் வாடுவதுபோல, பொருத்தப்பட்ட தசைநாணும் தன் பழைய இரத்த ஓட்டத்தை இழந்து, முதல் சில மாதங்களில் நலிந்து, அதன்பின் மெல்ல மெல்ல ஜவ்வின் சுபாவத்தை அடைகிறது; அந்த மாற்றம் நிறைவுற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மூன்றாம் மாதத்தில் வலி நீங்கி, மாடிப்படி ஏறவும் வண்டி ஓட்டவும் முடிகிறபோது, உள்ளே அந்த இழை இன்னும் பக்குவப்படாமலிருக்கிறது என்பதை அந்த இளைஞனுக்கு யார் சொல்வது? சூம்பிப்போன முன்தொடைத் தசை, நல்ல காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையேனும் மீட்கும்வரை களத்துக்குத் திரும்பலாகாது என்பது நிபுணர்களின் நியதி. 2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலை ஒவ்வொரு மாதம் ஒத்திப்போடுந்தோறும் மறுகாயத்தின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதைக் கண்டது. அப்பியாசத்தின் வலிமைக்கு இன்னுமொரு சாட்சியம் உண்டு: சுவீடனில் 121 பேரிடம் நடந்த பரிசோதனையில், முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஐந்தாண்டு கழிந்தும் ஜவ்வு மாற்று அறுவை தேவைப்படவில்லை.

2022 டிசம்பரில் கார் விபத்தில் முழங்கால் ஜவ்வுகள் அறுந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், சிகிச்சைக்குப்பின் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் நிபுணர்களின் மேற்பார்வையில் பயின்று, 2024 மார்ச்சில்தான் மீண்டும் மட்டையேந்தினார். அந்தப் பதினைந்து மாத காலமும் அவருக்குச் சோற்றுக் கவலை இருந்ததில்லை. கூலி வேலைக்குப் போய்க்கொண்டே கபடி ஆடும் கிராமத்து இளைஞனுக்கோ, பிசியோதெரபிக்காக வாரந்தோறும் நகரத்துக்குப் பஸ் ஏறுவது ஒரு நாட்கூலியை இழப்பதாகும். ஆகவே இரண்டொரு வாரத்தில் அவன் நின்றுவிடுகிறான். அதை அவனுடைய அசிரத்தை என்று பழிப்பது அநியாயம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் பிசியோதெரபி நிபுணர்கள் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும், ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நாளிலேயே அதில் பதிவு செய்து, ஒன்பது மாதமேனும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் நிதி திரட்டும் கபடிக் குழுக்கள், காயமுற்ற வீரனின் பயணச் செலவுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். தசைபலம் சோதித்த சான்றில்லாமல் அவனை ஆட்டத்தில் இறக்கக்கூடாது. ஊரின் பெயருக்காக ஆடி விழுந்தவன் உறுதியான காலுடன் எழுந்து நிற்கும்வரை, அவனைத் தாங்கவேண்டிய கடமை அந்த ஊருக்கும் அரசுக்கும் உண்டு.