அண்ணாச்சி, நெகட்டிவ் இருக்கா?

இந்த வாரம் முழுக்க ஒரே எரிச்சல். மச்சினன் மகன், லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஒரு ஃபோல்டரை ஷிஃப்ட்டோடு டெலிட் தட்டித் தூக்கிவிட்டான். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. போனது அவன் அக்காவின் வளைகாப்புப் படங்கள். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. "டெலிட் ஆனது எதுவும் நெசமா அழியாது, ஒரு சாஃப்ட்வேர் போட்டா வந்துரும்" என்று காபி குடித்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு ஆசை காட்டிவிட்டுப் போகிறார்களே, அவர்கள் மேல்தான். வாட்ஸப் வைத்தியர்களைப் பற்றி இங்கே புலம்பியிருக்கிறேன். இவர்கள் அவர்களுக்குப் பங்காளிகள்.

அவர்கள் சொல்வது ஹார்டு டிஸ்க் காலத்துக் கதை. அதில் டெலிட் செய்தால் ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை படம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள்கூடத் துழாவி எடுத்துவிடும். எஸ்எஸ்டியில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும்; அதையும் ஒரு பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். அதனால் டெலிட் ஆனவுடன் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று டிரைவுக்கு விண்டோஸ் சொல்லிவிடுகிறது. டிரிம் என்று பெயர். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் உண்டு. பிறகு அங்கே படித்துப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான். டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் மிச்சத்தையும் துடைத்து முடிக்கும். யுஎஸ்பியில் செருகும் சில டிரைவ்களுக்கு இந்தக் கட்டளை போய்ச் சேராது. அங்கே கொஞ்சம் நம்பலாம்.

ரிப்பேர் கடைப் பையன் யோக்கியன். "லேப்டாப் உள்ள இருக்கிற எஸ்எஸ்டியா? காச வீணாக்காதீங்க சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

மறுபடியும் ஸ்டூடியோ புராணமா என்பீர்கள். ஆமாம், மறுபடியும்தான். எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணாச்சி எதையும் துடைத்தவரில்லை. ஒவ்வொரு நெகட்டிவையும் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, மேலே எண் எழுதி, அதே எண்ணைப் படத்தின் முதுகிலும் குறித்துக் கொடுப்பார். படம் கரையானுக்குப் போனாலும் எண் நினைவிருந்தால் போதும். வைத்திருங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, வாடகையும் கொடுத்ததில்லை.

கேட்டு வருவது பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்துதான். பெரியவருக்குத் தனிப்படம் இருக்காது. கோயில் கொடைக்கு எடுத்த கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை மட்டும் தெரியும். "அண்ணாச்சி, நெகட்டிவ் இருக்கா? பதினாறுக்குள்ள மாலை போடணும்." அண்ணாச்சி அந்தத் தலையை மட்டும் பெரிதாக்குவார். சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, அடியிலிருந்து கண்ணாடியால் வெளிச்சம் காட்டி, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பைப் புள்ளி புள்ளியாக அடைப்பார். நெகட்டிவில் கறுப்பு வைத்தால் படத்தில் வெளுப்பு. கன்னத்தில் நிறம் கூட்டிக் கேட்டவர்களுக்கும் அதே பென்சில்தான்.

ஃபிலிமை வெள்ளிக்காகவும் பிளேட்டைக் கண்ணாடிக்காகவும் எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்களும் உண்டு. தப்பிய படங்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின் கீழ், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் தேடிப்போய் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். இன்றைய கல்யாண ஃபோட்டோகிராபரோ ஆயிரக்கணக்கில் எடுத்து, பென் டிரைவைக் கையில் கொடுத்து, "காப்பி பண்ணிக்கோங்க, எங்ககிட்ட இருக்காது" என்கிறார். ஆல்பத்துக்குப் பாக்கி மட்டும் ஞாபகமிருக்கிறது.

எங்கள் பெரிய தாத்தா படமும் அண்ணாச்சி கைவேலைதான். தாத்தா ஆயுசுக்கும் சட்டை போட்டதில்லை. வெறும் தோளை மாட்ட மனசு வராமல் அண்ணாச்சியே ஒரு கோட்டு வரைந்து, கழுத்தில் டையும் கட்டிவிட்டார். கூடத்தில் அதற்குத்தான் மாலை. மூஞ்சி சரியாக இருக்கிறது, கோட்டுதான் ஒரு அளவு பெரிசு என்று அத்தைக்கு இன்றைக்கும் குறை.