வீட்டு ஸ்விட்சு யார் வசம்?

அமெரிக்காவில் பெல்கின் என்னும் கம்பெனி 'வீமோ' என்ற பெயரில் பல ஆண்டுகளாக மின்சார ஸ்விட்சுகளையும் பிளக்குகளையும் விற்று வந்தது. எங்கிருந்தாலும் கைப்பேசியைக் கொண்டு விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம் என்ற நம்பிக்கையில் அநேக குடும்பத்தினர் அவற்றை வாங்கிச் சுவரிலே பதித்தார்கள். 2025 ஜூலை மாதத்தில் அக்கம்பெனி ஓர் அறிக்கை விடுத்தது. 2026 ஜனவரி 31-ந் தேதியோடு அந்த ஸாமான்களுக்கு உயிரூட்டி வந்த ஸர்வர்கள் மூடப்படும் என்பதே அதன் சாரம். ஸாமான் பழுதாகவில்லை, வாங்கியவர் விலையில் பாக்கி வைக்கவில்லை, மின்சாரமும் தடைப்படவில்லை. விற்றவருடைய உத்தேசம் மாறிற்று, அவ்வளவுதான். கையால் அழுத்தினால் வேலை செய்யும் பழைய ஸ்விட்சாக அது திரும்பிவிட வேண்டியதாயிற்று.

ஆனால் அவ்வறிக்கையிலேயே ஒரு விதிவிலக்கும் இருந்தது. அதே கம்பெனி விற்றவற்றுள், ஆப்பிளின் ஹோம்கிட் என்னும் ஏற்பாட்டில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளப்பட்டவை தொடர்ந்து இயங்கும் என்று சொல்லப்பட்டது. ஒரே வியாபாரி, ஒரே பெயர்; ஒன்று பிழைக்கிறது, மற்றொன்று விழுகிறது. இதற்குக் காரணம் யாது? புதிதாக வீடு கட்டுவோரும், பழைய வீட்டில் இவ்வகை ஸ்விட்சுகளைப் பொருத்த எண்ணுவோரும் காசை எடுத்து நீட்டுமுன் இக்கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கூடத்து விளக்கை அணைக்கக் கைப்பேசியைத் தொடுகிறோம். பத்தடி தூரத்திலிருக்கும் ஸ்விட்சுக்கு அந்த உத்தரவு நேரே போவதாகத்தான் எவரும் நினைப்பார். மலிவாக விற்கும் பல ஸாமான்களில் அப்படி நடப்பதில்லை. உத்தரவு வீட்டை விட்டு வெளியேறி, எங்கோ உள்ள கம்பெனியின் ஸர்வரை அடைந்து, அங்கே அனுமதி பெற்றுக்கொண்டு மீண்டும் நம் வீட்டுக்குள் வருகிறது. இன்டர்நெட் நின்றால் உத்தரவும் நின்றது. கம்பெனி கடையைக் கட்டினாலோ நிரந்தரமாக நின்றது. வேறு சில ஸாமான்களில் உத்தரவு வீட்டுச் சுவர்களைத் தாண்டுவதே இல்லை. கைப்பேசியோ, வீட்டிலுள்ள சிறு நிர்வாகக் கருவியோ ஸ்விட்சுடன் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறது. ஹோம்கிட் இவ்விதமானது. பிழைத்தவை பிழைத்த காரணம் இதுவே.

இது ஒரு கம்பெனியோடு நின்ற கதையன்று. கூகிளைச் சேர்ந்த நெஸ்ட் கம்பெனி 2014-ல் ரெவால்வ் என்ற சிறு கம்பெனியை விலைக்கு வாங்கிற்று. ஆயுட்கால சேவை உண்டென்று சொல்லி சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்ட ரெவால்வ் கருவிகளை 2016 மே மாதத்தில் செயலற்றவையாக்கிற்று. ஆயுட்காலம் என்றது யாருடைய ஆயுளை என்று வாங்கியவர்கள் கேட்டதில் தவறில்லை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் ஸர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் இருண்டன. அதன் ஸாமான்களை உபயோகித்து வந்தவர்களுள் சிலரே பிற்பாடு கம்பெனியை வாங்கி மறுபடி ஓடச் செய்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமென்று எதிர்பார்க்க முடியாது.

'பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போயிற்று' என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கூகிளைவிடப் பெரிய கம்பெனியை அவர்கள் எங்கே தேடுவார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆகவே பெயரைப் பாராமல் பாஷையைப் பார்க்க வேண்டும். ஸ்விட்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுப் பாஷைகள் உள. ஜிக்பீ என்பது ஒன்று. 2022 அக்டோபரில் ஆப்பிள், கூகிள், அமேஸான், ஸாம்ஸங் முதலிய போட்டிக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு 'மேட்டர்' என்ற புதுப் பாஷையை வெளியிட்டார்கள். பெயரைக் கேட்டு நம்மவர் நகைக்கக்கூடும்; விஷயம் நகைப்புக்குரியதன்று. வீட்டிற்குள்ளேயே உத்தரவு போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை. மேட்டர் முத்திரையுள்ள ஸ்விட்சை இன்று ஒருவர் ஏற்பாட்டிலும் நாளை வேறொருவர் ஏற்பாட்டிலும் சேர்க்கலாம். எந்தக் கம்பெனியையும் சாராமல் இருக்க விரும்புவோருக்கு 2013-ல் தொடங்கிய 'ஹோம் அஸிஸ்டென்ட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு சிறு கம்ப்யூட்டரில் அதை நிறுவினால் வீட்டின் ஆட்சி வீட்டோடு இருக்கும். நிறுவுவதற்குச் சிறிது பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவிலிருந்து வரும் மருமகப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவரும் பிளக்குகளை வாங்கி அலமாரியில் வைப்பதே நலம். அவை 120 வோல்ட்டுக்கு ஆனவை, நம்முடையது 230. ஸீ-வேவ் என்ற பாஷை பேசுபவையானால், அங்கே 908 மெகாஹெர்ட்ஸிலும் இந்தியாவில் 865-லும் பேச வேண்டியிருப்பதால், ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாது.

பாஷை சரியாக இருந்தாலும் மின்சாரம் மன்னிக்காது. ஸ்விட்சுக்குள் இருக்கும் ரேடியோ எந்நேரமும் விழித்திருக்க வேண்டியதால் பேஸ், நியூட்ரல் இரண்டும் அதற்குத் தேவை. ஸாதாரண ஸ்விட்சுக்கு பேஸ் ஒன்றே போதுமாதலால், பழைய வீட்டு போர்டுகள் பலவற்றில் நியூட்ரல் ஒயர் இராது. அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும். ஒயர்மேனைக் கொண்டு முதலில் இதைப் பார்த்துவிட வேண்டும். நியூட்ரல் வேண்டாத ஸ்விட்சுகளும் கிடைக்கின்றன. ஆனால் சிறிய எல்.இ.டி. விளக்குகள் அவற்றில் அணைத்த பின்னும் மினுக்குவதுண்டு.

2000 வாட் வெந்நீர் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியரும், 3000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியரும் இழுக்கும். 10 ஆம்பியர் பிளக்கில் இவற்றைச் சொருகுவது விபரீதம். 16 ஆம்பியருக்குக் குறையாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் விஷயம் இதனினும் கடினம். புறப்படும் தருணத்தில் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஸ்விட்சுக்குள் உள்ள சிறு ரிலேயின் முனைகள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம். பிறகு கைப்பேசி 'நின்றுவிட்டது' என்று சாதிக்கும், மோட்டாரோ ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகையால் மோட்டாருக்குக் கன்டாக்டர் ஒன்றை வைத்து, அந்தக் கன்டாக்டரை மட்டும் ஸ்விட்சு ஆளும்படி செய்வதே முறை. மின்விசிறிக்கும் விளக்கை மங்கச் செய்யும் ஸ்விட்சு உதவாது. விசிறிக்கென்றே செய்த ரெகுலேட்டர் வகை வேண்டும்.

மின்வெட்டு நம்மை விட்டு முற்றும் அகலவில்லை. போன கரண்ட் திரும்பும்போது ஸ்விட்சு எந்த நிலையில் விழிக்கும் என்று கடைக்காரரைக் கேட்போர் எத்தனை பேர்? சில ஸ்விட்சுகள் ஏற்றிய நிலையிலேயே விழிக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்களின் இஸ்திரிப் பெட்டி நள்ளிரவில் தானாகச் சூடேறுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். அணைந்த நிலையில் விழிக்கும்படி அமைக்க வகையில்லாத ஸாமானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாமென்று திருப்பிவிடுக. அதுபோலவே, சுவரில் கையால் அழுத்தும் விசை இல்லாததையும் தொடவேண்டாம். வீட்டில் வயது முதிர்ந்த தாயார் இருப்பார். அவர் இருட்டில் கைப்பேசியைத் தேடிக்கொண்டு நிற்கலாகாது.

ஒரே சமயத்தில் வீடு முழுவதற்கும் வாங்கிவிடாமல், முதலில் ஒன்றே ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்க்கலாம். ரவுட்டரை ஓடவிட்டு, வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, கைப்பேசியால் விளக்கை ஏற்றிப் பார்க்க வேண்டும். எரிந்தால் அந்த ஸ்விட்சு உங்களுடையது. எரியாவிட்டால் விலை கொடுத்தவர் நீங்கள், சொந்தக்காரர் வேறொருவர்.

ஸர்க்காருக்கும் இதில் கடமையுண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-ந் தேதி அமுலுக்கு வந்த சட்டப்படி, இத்தகைய ஸாமான்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தேதி வரையில் அளிக்கப்படும் என்பதை உற்பத்தியாளர் பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் அதற்கு மேலும் ஒருபடி போகலாம். மருந்துப் புட்டியில் காலாவதித் தேதியை அச்சிடச் செய்திருக்கும் நாம், சுவரில் பதிக்கும் ஸ்விட்சின் பெட்டிமீதும் ஸர்வர் எத்தேதி வரையில் ஓடும், அது நின்ற பின் ஸாமான் எவ்வளவு வேலை செய்யும் என்ற இரண்டையும் தமிழிலும் ஏனைய பாஷைகளிலும் அச்சிடும்படி ஏன் கட்டளையிடக் கூடாது?