ஒரு கைப்பிடி நிலக்கரி

மாணவர்களே, அண்மையில் வகுப்பில் ஒரு காணொளியைக் காட்டினேன். பிரிட்டனில் ஒரு வீட்டுத் தோட்டம். பூச்செடிகளுக்கு நடுவே 45 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம். அதன்மேல் ஒரு கை நீளமே உள்ள நீராவி ரயில் இயந்திரம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மின்கலம் இல்லை. உள்ளே எரிவது உண்மையான நிலக்கரி.

காணொளி முடிந்ததும் படிவம் நான்கு மாணவி ஒருவர் கேட்டார்: "டீச்சர், நிலக்கரியைக் குறைக்கணும்னு பாடத்துல சொல்றீங்க. பொழுதுபோக்குக்கு அதை எரிக்கலாமா?"

நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். எரிக்கலாம் என்பதே என் கருத்து. ரயில் அழகாக இருக்கிறது என்பதற்காக அல்ல. நிலக்கரி எப்படிப்பட்ட எரிபொருள் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

தோட்டத்து நீராவி ரயில்களில் பல, எரிவாயுவில் ஓடுகின்றன. குழாயைத் திறந்து பற்ற வைத்தால் போதும். நிலக்கரி அப்படிப் பணியாது. முதலில் மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரித் துண்டுகளைப் பற்ற வைக்க வேண்டும். புகைபோக்கியின் மேல் சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்திக் காற்றை இழுக்க வேண்டும். அடுப்புக்கரி நன்றாகக் கனன்ற பிறகே, பட்டாணி அளவுக்கு உடைத்த நிலக்கரியைச் சிறு கரண்டியால் போட வேண்டும். நீராவி போதிய அழுத்தத்துக்கு வந்ததும் விசிறியை எடுத்துவிடலாம். உருளையில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பாய்ந்து வெளியேறும்போது, அடுப்பின் வழியாகப் புதிய காற்றை இழுக்கிறது. இயந்திரம் கடுமையாக உழைத்தால் நெருப்பும் கடுமையாக எரியும். உண்மையான நீராவி ரயில்களிலும் இதே முறைதான்.

ஆனால், பெரியதை அப்படியே சுருக்கினால் சிறியது வேலை செய்யாது. உண்மையான தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். மாதிரியில் 45. அதாவது 32 மடங்கு சிறியது. நீளம் 32 மடங்கு குறைந்தால் பரப்பளவு 1,024 மடங்கு குறையும். கன அளவு 32,768 மடங்கு குறையும். வெப்பம் நீரின் கன அளவில் தங்குகிறது, மேற்பரப்பு வழியாக வெளியேறுகிறது. ஆகவே சின்னக் கொதிகலனில் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் 32 மடங்கு அதிக மேற்பரப்பு. விரைவில் சூடு இழந்துவிடும். உண்மையான இயந்திரத்தின் கொதிகலனுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெப்பக் குழாய்கள் இருக்கும். மாதிரியில் அத்தனையையும் சுருக்கி வைத்தால் சாம்பல் அடைத்துக்கொள்ளும். எனவே சில குழாய்களையே, சற்று அகலமாக, வைக்கிறார்கள்.

இன்னொரு பாடம், நிலக்கரிக்கு அணைக்கும் பொத்தான் இல்லை என்பது. கொதிகலனில் நீர் குறைந்து அடுப்பின் கூரை வெளியே தெரிந்தால் செம்பு அளவு மீறிச் சூடாகிப் பழுதாகும். எரிவாயு என்றால் குழாயை மூடிவிடலாம். நிலக்கரி என்றால் நெருப்பையே வெளியே தள்ள வேண்டும். ஆகவே ஓட்டுபவர் நீர்மட்டக் கண்ணாடி, அழுத்தமானி, நெருப்பு ஆகிய மூன்றையும் விடாமல் கவனிக்கிறார். (நீங்களாக வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். பிரிட்டனில் சங்கங்கள் கொதிகலனை நீர் அழுத்தத்தால் சோதித்த பிறகே ஓட்ட விடுகின்றன.)

இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது என்ன? பிரிட்டனில் 1969இல் ஒரு போட்டி தொடங்கியது. ஆள் உட்கார்ந்து செல்லக்கூடிய, சற்றே பெரிய மாதிரி இயந்திரங்களுக்கானது அது. ஓட்டுநருக்கு நிலக்கரியை எடைபோட்டுக் கொடுப்பார்கள். இயந்திரம் செய்த வேலையை அளப்பார்கள். வெற்றி பெறும் இயந்திரமே பெரும்பாலும் நிலக்கரியின் ஆற்றலில் நூற்றில் 2 அல்லது 3 பங்கைத்தான் இழுவிசை செய்யும் வேலையாக மாற்றுகிறது. மீதி அனைத்தும் புகைபோக்கி வழியாகவும் கொதிகலன் சுவர் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 100 கிராம் நிலக்கரி எரிகிறது என்போம். அது முழுவதும் கார்பன் என்றே வைத்துக்கொண்டாலும், 12 கிராம் கார்பனுக்கு 44 கிராம் கரிவளி என்ற கணக்கில் சுமார் 370 கிராம் கரிவளி வரும். ஒரு கார் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் ஓடினால் வெளிவரும் அளவு அது.

அளவு சிறியது என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனே அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. வேல்ஸில் இருந்த ஃபோஸ்-இ-ஃபிரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் நின்றது. பழைய நீராவி ரயில்களை ஓட்டுவோர் இப்போது ஒலிவ விதைக் கழிவு கலந்த எரிகட்டிகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவை நன்றாக எரிந்தால் தோட்டத்து ரயில்களும் மாறட்டும். வரவேற்பேன்.

ஆனால் நம் பக்கமும் பாருங்கள். மஞ்சோங், காப்பார், தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் இன்றும் நிலக்கரி மின்நிலையங்கள் இயங்குகின்றன. நிலக்கரியில் மட்டுமே எடுத்த மின்சாரம் என்றால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நிலக்கரி வேண்டும். உங்கள் அறையில் குளிர்சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். அதாவது ஐந்து கைப்பிடி. அதை நீங்கள் உடைக்கவில்லை, பற்ற வைக்கவில்லை, கையில் கரி படவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

தோட்டத்து ரயில்காரர் ஒரு கைப்பிடியை எரிக்கிறார். ஒவ்வொரு துண்டும் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். நாம் ஐந்து கைப்பிடியை எரிக்கிறோம். எரிக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான்.

இந்த வாரம் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து யூனிட்டை இரண்டால் வகுத்துப் பாருங்கள். அத்தனையும் நிலக்கரி மின்சாரம் என்றால் எத்தனை கிலோ எரிந்திருக்கும் என்பது தெரியும். அந்த எண்ணை வகுப்பில் என்னிடம் சொல்லுங்கள். பிறகு அந்தச் சின்ன ரயிலைப் பற்றிப் பேசலாம்.