பிரெஞ்சு இலக்கணத்தைத் தமிழில் படித்தால் என்ன?

பிரெஞ்சு படிப்பதென்றால் முதலில் ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்ற எண்ணம் எமது மாணவிகளிடமும் பெற்றோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. உயர்தரத்தில் பிரெஞ்சைத் தெரிவு செய்த தமிழ் மொழிமூல மாணவி என்ற வகையில் இதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரெஞ்சு கடினமாக இருப்பதால் விலகிப்போனவர்களை விட, பிரெஞ்சுக்குப் போகும் பாதை ஆங்கிலம் வழியாக மட்டுமே போடப்பட்டிருப்பதால் விலகிப்போனவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். குறிப்புகள் ஆங்கிலத்தில், அகராதி ஆங்கிலத்தில், கரும்பலகை விளக்கமும் ஆங்கிலத்தில். ஒரு தனியார் வகுப்பில் எனது தோழி ஒருத்தி தமிழில் சந்தேகம் கேட்டபோது, “முதலில் இங்கிலிஷ் கிளாஸுக்குப் போங்கள், பிறகு இங்கே வாருங்கள்” என்று பதில் வந்தது. அவள் இரண்டுக்குமே போகவில்லை. இப்போது வேறு பாடம் எடுத்திருக்கிறாள்.

இதை வெறும் மனக்குறையாகச் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ஒரே ஒரு இலக்கணப் பாடத்தை எடுத்துக் காட்டுகிறேன். பிரெஞ்சில் ‘அம்பார்ஃபே’ என்று ஓர் இறந்தகாலம் இருக்கிறது. தமிழில் முற்றுப்பெறா இறந்தகாலம் எனலாம். எங்கள் வகுப்பில் அதிகம் பேர் தடுமாறும் பாடம் இதுதான்.

தடுமாறுவது அதன் வடிவத்தில் அல்ல. வடிவம் மிகவும் இலகு. நிகழ்காலத்தில் ‘நாங்கள்’ என்பதற்குரிய வினையை எடுத்து, அதன் கடைசியிலுள்ள ‘ஓன்’ விகுதியைக் கழற்றிவிட வேண்டும். ‘நூ பார்லோன்’ என்றால் நாங்கள் பேசுகிறோம். ‘பார்ல்’ மிஞ்சும். அதனுடன் புதிய விகுதியைச் சேர்த்தால் ‘ஜ பார்லே’, நான் பேசிக்கொண்டிருந்தேன். ‘நூ ஃபினிஸோன்’ என்பது ‘ஜ ஃபினிஸே’ ஆகும். ‘நூ ப்யூவோன்’, நாங்கள் குடிக்கிறோம் என்பது, ‘ஜ ப்யூவே’ ஆகும். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் எழுத்தில் விகுதி மாறினாலும் காதுக்கு ‘பார்லே’ என்ற ஒரே ஒலிதான். ‘நாங்கள்’ என்பதற்குப் ‘பார்லியோன்’, ‘நீங்கள்’ என்பதற்குப் ‘பார்லியே’. இந்த விதிக்கு அடங்காமல் நிற்பது ‘இரு’ என்னும் பொருள் தரும் ‘எத்ர்’ என்ற ஒரே வினைதான். அதற்கு ‘ஜேத்தே’ என்று தனியாகப் பாடமாக்கிக்கொள்ள வேண்டும். எழுத்துக்கூட்டில் சில்லறைத் தொல்லைகள் உண்டு. ‘படி’ என்ற பொருளுடைய ‘எத்யூதியே’ வினைக்கு ‘நாங்கள்’ என்று எழுதும்போது இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து வரும். பரீட்சையில் ஒன்றை விட்டுவிட்டால் புள்ளி போய்விடும். ஆனால் ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் இந்த வடிவங்களை முடித்துவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், எந்த இடத்தில் அம்பார்ஃபே போடுவது, எந்த இடத்தில் ‘பாஸே கொம்போஸே’ என்ற மற்ற இறந்தகாலத்தைப் போடுவது என்பதில்தான். ஒரு தடவை நடந்து முடிந்த செயலுக்குப் பாஸே கொம்போஸே. வழக்கமாக நடந்தவை, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தவை, பின்னணியாக இருந்த நிலைமைகள் ஆகியவற்றுக்கு அம்பார்ஃபே. ஆங்கிலம் வழியாக வருபவளுக்கு இங்கே பொறி இருக்கிறது. “தினமும் விளையாடினேன்”, “நேற்று விளையாடினேன்” இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே வினைவடிவத்தால் சொல்லிவிடலாம். அதைப் பார்த்துப் பிரெஞ்சு எழுதினால் இரண்டுக்கும் பாஸே கொம்போஸேதான் கைக்கு வரும். முதலாவது பிழை.

இனித் தமிழைப் பாருங்கள். “சிறுவயதில் பெருநாள்” என்று கட்டுரை எழுதச் சொன்னால் எங்களில் எவரும் இப்படித்தான் தொடங்குவோம்:

“பெருநாளைக்கு முதல் நாள் இரவு உம்மம்மா வட்டிலப்பம் அவிப்பார். வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும். நாங்கள் அடுப்படியில் குந்திக்கொண்டு பார்த்திருப்போம். ஒரு பெருநாளைக்குக் கரண்ட் போய்விட்டது.”

அவிப்பார், மணக்கும், பார்த்திருப்போம். மூன்றும் வடிவத்தில் எதிர்கால வினைகள். ஆனால் உம்மம்மா நாளைக்கு அவிக்கப் போகிறார் என்று யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். வழக்கமாக நடந்த பழைய கதை என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு திடீரென்று ஒரு சம்பவம் வந்ததும் வினை தானாகவே “போய்விட்டது” என்று இறந்தகாலத்துக்கு மாறுகிறது. இதே நான்கு வசனங்களைப் பிரெஞ்சில் எழுதினால் முதல் மூன்றும் அம்பார்ஃபே, நான்காவது பாஸே கொம்போஸே. மாறுகின்ற இடம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைப் புதிதாகக் கற்பிக்கவே தேவையில்லை, அது அவளது வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்பதே எனது வாதம்.

இது பேச்சு வழக்கில் மட்டும் உள்ளது என்று நினைக்க வேண்டாம். தமிழ் பாடத்தில் நாம் படிக்கும் கால வழுவமைதி நினைவிருக்கிறதா? பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய செயலை இன்னொரு கால வினையால் சொல்லலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார். இதில் இயல்பு என்பதற்கு உரைகளில் காட்டப்படும் உதாரணம், முன்பு நாம் விளையாடுவது இந்தச் சோலையில்தான் என்ற பொருளுடையது. நடந்தது முன்பு, வினையோ எதிர்காலம். பரீட்சைக்காக மனனம் செய்துவிட்டு மறந்துபோகும் இந்தப் பகுதி பிரெஞ்சு வகுப்பில் உயிரோடு எழுந்து வந்து நிற்கிறது. இதை ஏன் எந்தக் குறிப்புக் கொப்பியிலும் எழுதித் தருவதில்லை?

அரபு படிக்கும் தோழியருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ‘கான யக்துபு’ என்றால் எழுதிக்கொண்டிருந்தான், எழுதுவது வழக்கமாக இருந்தது என்ற இரண்டு பொருளும் வரும். அம்பார்ஃபேயும் அப்படியே, ஒரே வினை இரண்டு வேலையும் செய்கிறது. அரபில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளை, தனக்கு மொழிகள் வராது என்று சொல்லிப் பிரெஞ்சுக்குப் பயப்படுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

அம்பார்ஃபேக்கு வேறொரு வேலையும் உண்டு. நிபந்தனையைச் சொல்லும் ‘ஸி’ என்ற சொல்லுக்குப் பின்னால், உண்மையில் இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யும்போது இதே காலம்தான் வரும். இல்லாத நேரத்தைப் பற்றி “எனக்கு நேரம் இருந்தால்” என்று சொல்ல ஏன் இறந்தகாலம் என்று வகுப்பில் எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள். தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. இருந்தேன், இருந்தால், வந்தேன், வந்தால், போனேன், போனால். நாமும் இறந்தகால அடியோடுதான் ‘ஆல்’ சேர்க்கிறோம். பிரெஞ்சுக்காரர் ஒரு யோசனை சொல்லும்போதும் ‘ஸி’ போட்டு அம்பார்ஃபேயில் கேட்பார்கள். அதை ஆங்கிலத்தில் விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள். தமிழில் “கடற்கரைக்குப் போனால் என்ன?” என்றால் முடிந்தது.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. “அப்போது நாங்கள் காலியில் இருந்தோம்” என்பதற்கு அம்பார்ஃபே. “பத்து வருடம் காலியில் இருந்தோம், பிறகு வந்துவிட்டோம்” என்பதற்குப் பாஸே கொம்போஸே, ஏனென்றால் அந்தப் பத்து வருடத்துக்கும் எல்லை போட்டாயிற்று. தமிழில் இரண்டும் ‘இருந்தோம்’. இங்கே பிரெஞ்சின் கண்ணால்தான் பார்க்கப் பழக வேண்டும். அதேபோல ‘அவிப்பார்’ என்பதைக் கண்டு அவசரத்தில் பிரெஞ்சின் எதிர்காலத்தைப் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. ‘அப்போது’, ‘சிறுவயதில்’ போன்ற சொல் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் அது தீரும். தாய்மொழி எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை வகுப்பிலே வெளிப்படையாகப் பேசினால் போதும். இப்போது அது வகுப்புக்குள் வரவே அனுமதியில்லாத விருந்தாளி போல வெளியே நிற்கிறது.

இந்தக் காலத்தை வெறும் பரீட்சைத் தலைவலியாக நினைக்கவும் கூடாது. ஃப்ளோபேரின் உரைநடையைப் பற்றி 1920இல் கட்டுரை எழுதிய மார்செல் ப்ரூஸ்த், அவர் அம்பார்ஃபேயைக் கையாண்ட விதத்தைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். ஒரு பெரிய எழுத்தாளர் இன்னொருவரின் வினைவிகுதியைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சிலர் கேட்பார்கள், பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஆங்கிலம் வேண்டாமா என்று. வேண்டும், படிக்கத்தான் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்க எண்ணியிருக்கும் நானும் ஆங்கிலத்தை விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு மொழியின் கதவைத் திறக்க இன்னொரு மொழியில் பாஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். மகள் பிரெஞ்சு எடுக்கிறேன் என்று சொன்னால், “உனக்கு இங்கிலிஷே வராதே” என்று முதலாவது வார்த்தையிலேயே அடைத்துவிடாதீர்கள். அவளுக்குத் தமிழ் எவ்வளவு நன்றாக வரும் என்று தமிழாசிரியையிடம் விசாரித்துப் பாருங்கள்.

உயர்தரப் பிரெஞ்சு மாணவிகளான நாங்கள் சிலர் சேர்ந்து, அடுத்த தவணைக்குள் ஒரு கையெழுத்துக் கொப்பி தயாரிக்க முடிவு செய்திருக்கிறோம். இருபது வினைகள், ஒவ்வொன்றுக்கும் அம்பார்ஃபே வடிவம், பக்கத்தில் தமிழ் வசனம். நூலகத்தில் வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம். ‘அவிப்பார்’, ‘மணக்கும்’ போல உங்கள் வீட்டுப் பழைய கதைகளில் வரும் வசனங்கள் இருந்தால் எழுதிக் கொண்டுவந்து தாருங்கள். உம்மம்மாமார் சொல்வதை அப்படியே எழுதினால் இன்னும் நல்லது.