டிஸ்கிரீஷன் என்றால் இஷ்டமா?



'டிஸ்கிரீஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று விவேகம். இன்னொன்று, தானே முடிவு செய்யும் உரிமை. நம்மில் பலர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு 'இஷ்டம்போல' என்று அர்த்தம் சொல்கிறோம். அது பாதி அர்த்தம்தான்.

நம்ம ஊர் துறைமுகத்துக்கே பெயரான வ.உ.சி.யின் வழக்கைப் பாருங்க. 1908-ல் அவர் மேல் ராஜதுரோகக் குற்றச்சாட்டு. 124-ஏ பிரிவில் வெறும் அபராதம் முதல் ஆயுள் தண்டனை வரை எது வேண்டுமானாலும் கொடுக்க நீதிபதிக்கு உரிமை இருந்தது. நீதிபதி பின்ஹே கொடுத்ததோ இரட்டை ஆயுள் தண்டனை! உரிமை இருந்தது, விவேகம் எங்கே போச்சு? மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912-ல்தான் விடுதலையானார்.

பேசினவங்க பேரை போர்டில் எழுதும் கிளாஸ் லீடருக்கும் இந்த உரிமை உண்டு. ரப்பர் கேட்டவனும் அரட்டை அடிச்சவனும் ஒண்ணா? சேக்காளி பேரை விட்டுட்டு பிடிக்காதவன் பேரை மட்டும் எழுதினா அது ஓரவஞ்சனை.

என்னைக் கேட்டால், "ஏன் இப்படிச் செய்தே?" என்று கேட்கும்போது எல்லார் முன்னாடியும் காரணம் சொல்ல முடியணும். முடிந்தால் அது டிஸ்கிரீஷன். முடியலேன்னா வெறும் இஷ்டம். லீடர்களே, சரிதானே?

– பத்தாம் வகுப்பு மாணவி